மூன்றாம் ஓட்டையின் காந்தாரம்

அப்பாவின் மவுத் ஆர்கன் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம். மேல்வரிசையில் 24 ஓட்டை, கீழ்வரிசையில் 24 ஓட்டை. சீனாவில் செய்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து பழைய சினிமாப் பாட்டுகளை வாசிப்பார். ஒவ்வொரு சுரமும் தண்ணீரில் விழுந்த விளக்கொளி போல லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் அப்பாவின் மூச்சில் இருந்தது என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

பள்ளிப் படிப்பு முடிந்த வருடம் ஒரு ஒலிநாடாவில் லிட்டில் வால்ட்டர் மவுத் ஆர்கனில் வாசித்த ‘ஜூக்’ கேட்டேன். சிகாகோ புளூஸ். வார்த்தை ஒன்றுகூட இல்லாத மூன்று நிமிட வாசிப்பு. சுரம் நேராக வந்து நிற்கவில்லை. கீழிருந்து ஏறியது, வழியில் தயங்கியது, மேலே தொட்டுவிட்டு வழுக்கி இறங்கியது. அப்பாவின் பெட்டியை எடுத்து அதையே வாசித்துப் பார்த்தேன். உதடு வெடித்ததே தவிர சுரம் அசையவில்லை. எனக்கு மூச்சு போதாது என்று முடிவு கட்டி மூடி வைத்துவிட்டேன்.

கோளாறு மூச்சில் இல்லை என்று தெரிந்துகொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தக் காரணத்தைச் சொன்னால்தான், புளூஸ் பாடி மவுத் ஆர்கனும் வாசிக்கும் ஒருவர் கை பழுத்த கலைஞர்களோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்காரும்போது என்ன நடக்கிறது என்பதையும், கிள்ளான் பள்ளத்தாக்கில் அது ஏன் தமிழில் நடக்காமல் போனது என்பதையும் சொல்ல முடியும்.

ஆசிய வீடுகளில் பரவிய மவுத் ஆர்கன் ‘டிரெமலோ’ வகை. ஒவ்வொரு சுரத்துக்கும் மேலே ஒரு நாக்கு, கீழே ஒரு நாக்கு. இரண்டையும் மிகச் சிறிய வித்தியாசத்தில் சுருதி கூட்டியிருப்பார்கள். அந்த வித்தியாசம்தான் நடுக்கமாகக் கேட்கிறது. இதில் ஊதும் நாக்கும் இழுக்கும் நாக்கும் வேறு வேறு அறைகளில் இருக்கும். புளூஸ்காரர்கள் கையில் இருப்பதோ பத்தே ஓட்டைகள் கொண்ட சிறிய பெட்டி. அதில் ஒரே அறைக்குள் ஊதும் நாக்கு ஒன்று, இழுக்கும் நாக்கு ஒன்று. வாசிப்பவர் நாவின் நிலையையும் தொண்டைக்குள் இருக்கும் இடத்தையும் மாற்றி இழுக்கும்போது, இரண்டு நாக்குகளும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. உயர்ந்த சுரம் தாழ்ந்த சுரத்தை நோக்கி இறங்குகிறது. அறையில் இன்னொரு நாக்கு இல்லாவிட்டால் இந்த இறக்கம் கிடையாது. அப்பாவின் பெட்டியில் அது வராததற்கு அதுதான் காரணம்.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இதை இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். மேற்கத்திய ‘சி’ சுருதியில் செய்த பத்து ஓட்டைப் பெட்டியை புளூஸ்காரர் ‘ஜி’யை ஆதார ஷட்ஜமாக வைத்து வாசிப்பார். இதற்குக் ‘கிராஸ் ஹார்ப்’ என்று பெயர். அப்போது இரண்டாம் ஓட்டையை இழுத்தால் ஷட்ஜமம். அதை இறக்கினால் காகலி நிஷாதம், மேலும் இறக்கினால் கைசிகி நிஷாதம். நான்காவதை இழுத்தால் பஞ்சமம். இறக்கினால் பிரதி மத்யமம். மூன்றாம் ஓட்டைதான் எல்லாவற்றிலும் ஆழமானது. இழுத்தால் அந்தர காந்தாரம். அங்கிருந்து சாதாரண காந்தாரம், சதுஸ்ருதி ரிஷபம், சுத்த ரிஷபம் என்று மூன்று படி இறங்கலாம். புளூஸின் உயிர் இந்த முதல் படியின் நடுவில் இருக்கிறது: அந்தரமும் இல்லாத, சாதாரணமும் இல்லாத ஒரு காந்தாரம். பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. வாய்ப்பாட்டில் உண்டு. மூன்றாம் ஓட்டையில் உண்டு.

ஜெர்மனியின் டிராஸிங்கன் ஊரில் மத்தியாஸ் ஹோனர் 1857இல் மவுத் ஆர்கன் செய்யத் தொடங்கினார். 1896இல் வந்த ‘மரைன் பேண்ட்’ பெட்டி அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினத் தொழிலாளர்களின் சட்டைப் பைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் சுர வரிசை ஜெர்மானிய நாட்டுப்புற மெட்டுகளை ஊதி வாசிப்பதற்காக அமைக்கப்பட்டது. அதைக் கையில் வாங்கியவர்கள் ஊதுவதற்குப் பதில் இழுத்து வாசித்தார்கள், ஷட்ஜமத்தை இடம் மாற்றினார்கள், செய்தவர் நினைத்தே பார்க்காத சுரங்களை உள்ளிருந்து எடுத்தார்கள். இசை வரலாற்றில் எனக்கு இதைவிட மதிப்புக்குரிய காரியம் வேறு தெரியவில்லை.

காற்றில் தானாக அதிரும் நாக்கு என்ற யோசனை ஐரோப்பாவில் பிறந்ததும் அல்ல. சீனத்து ‘ஷெங்’, லாவோஸின் ‘கேன்’, நம் சபா மாநிலத்துக் கடசான்டூசுன் மக்கள் சுரைக்குடுக்கையில் மூங்கில் குழாய்களைச் செருகிச் செய்யும் ‘சொம்போத்தோன்’ எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஆர்மோனியமும் அதே வம்சம். ஆனால் ஆர்மோனியத்தின் நாக்குக்கும் வாசிப்பவரின் வாய்க்கும் நடுவில் துருத்தி இருக்கிறது. சுரம் வளையாது, கமகம் வராது என்பது அதன்மேல் சொல்லப்பட்ட முக்கியமான குற்றச்சாட்டு. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒதுக்கியே வைத்தது. தமிழ் நாடக மேடையின் உயிராக இருந்த கருவிக்கு அப்படி ஒரு நிலை. கமகம் வராது என்று நாம் வழக்காடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சிகாகோவில் அதே உலோக நாக்கைத் தொண்டையால் வளைத்துக்கொண்டிருந்தார்கள்.

மவுத் ஆர்கனுக்கும் ரயிலுக்கும் உள்ள உறவைப் பிரிக்ஃபீல்ட்ஸ்காரன் சொல்லாமல் போனால் தகாது. புளூஸ் மவுத் ஆர்கனின் முதல் பாடமே ரயில். நீராவி எஞ்சின் கிளம்பும் தாளம், வளைவில் வரும் விசில், பாலத்தின் மேல் போகும்போது மாறும் ஓசை. டிஃபோர்ட் பெய்லி 1927இல் பதிவு செய்த ‘பான் அமெரிக்கன் புளூஸ்’ ஒரு விரைவு ரயிலைத்தான் வாசிக்கிறது. இளம் வயதில் பார்வையிழந்த சன்னி டெர்ரி ரயிலையும் நரி வேட்டையையும் வாசித்துக்கொண்டே ஊளையும் இடுவார். 1938இல் நியூயார்க் கார்னகி அரங்கில் வாசித்தார். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் 1886இல் ரயில் ஓடத் தொடங்கிய தடத்தை ஒட்டி வளர்ந்தது எங்கள் பேட்டை. ஸ்டேஷன் மாஸ்டர்களும் கிராணிகளும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். தண்டவாளம் போட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். 1951இல் தொடங்கப்பட்ட பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகமும் இங்கேதான். கேஎல் சென்ட்ரல் பக்கம் நடைபாதையில் பார்வையற்ற கலைஞர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறோம். ரயில், பார்வையற்ற கலைஞர், சட்டைப் பைக்குள் அடங்கும் கருவி மூன்றும் ஒரே தெருவில் இருந்தன. கருவியின் வகை மட்டும் வேறு.

எங்கள் காதுக்கு மவுத் ஆர்கனைக் கொண்டுவந்தது சினிமா. 1964இல் வந்த இந்திப் படமான ‘தோஸ்தி’யில் ஒரு பையனுக்குக் கண் தெரியாது, அவன் பாடுவான், இன்னொருவனுக்குக் கால் ஊனம், அவன் மவுத் ஆர்கன் வாசிப்பான். லட்சுமிகாந்த்-பியாரேலால் இசைக்கு அந்த மவுத் ஆர்கனை உண்மையில் வாசித்தவர் ஆர். டி. பர்மன். அந்த வாசிப்பு மெட்டைச் சுத்தமாகச் சொல்லும். எங்கள் தந்தையர் அதைத்தான் மவுத் ஆர்கன் என்று நினைத்தார்கள், நாங்களும்தான்.

புளூஸ் பாடிக்கொண்டே மவுத் ஆர்கன் வாசிப்பவருக்கு மற்ற பாடகர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. கிதார்காரர் பாடும்போதே வாசிக்கலாம். இவருக்கு இருப்பது ஒரே மூச்சு. பாடும்போது வாசிக்க முடியாது, வாசிக்கும்போது பாட முடியாது. நம் கச்சேரியில் பாடகர் ஒரு சங்கதி போட்டால் வயலின் அதைப் பிடித்துத் திருப்பிச் சொல்லும். இவர் தானே பாடி, தானே வயலினாகவும் இருக்க வேண்டும். வாயிலிருந்து பெட்டிக்கும் பெட்டியிலிருந்து வாய்க்கும் மாறும் அந்த நொடியில் யார் பாட்டைத் தாங்குவது? அங்கேதான் பழுத்த கைகள் வருகின்றன. நான்கு நான்காகப் பன்னிரண்டு தாளக்கட்டில் சுழலும் புளூஸ், கேட்க எளிது. அந்தச் சுழற்சியில் எங்கே இறுக்குவது, எங்கே ஆளுக்கு இடம்விட்டுப் பின்வாங்குவது என்பதை எழுதி வைக்க முடியாது. தவில்காரர் நாயனக்காரரின் மூச்சைக் கேட்டு வாசிப்பது போல, பாடகரின் மூச்சைக் கேட்டு வாசிக்க வேண்டும்.

‘ஜூக்’ பதிவான நாள் 12 மே 1952. லூசியானாவில் பிறந்த வால்ட்டருக்கு அப்போது வயது 22. புளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். பதிவுக்கு உடன் இருந்தவர்கள் மட்டி வாட்டர்ஸ், ஜிம்மி ராஜர்ஸ், டிரம்ஸில் எல்கின் எவன்ஸ். அந்த மெட்டு புதிதாக எழுதியதல்ல. விடுதிகளில் இரவு தோறும் அவர்கள் சேர்ந்து வாசித்து உருண்டது. வால்ட்டர் மைக்கை மவுத் ஆர்கனோடு சேர்த்து உள்ளங்கைக்குள் பொத்தி, ஆம்ப்ளிஃபயரில் வாசித்தார். சிறு பெட்டி சாக்ஸபோன் போல முழங்கியது. பில்போர்டின் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் எட்டு வாரம் முதலிடம். அதன்பின் அவர் மட்டியை விட்டுத் தனிக் குழு அமைத்தார். மட்டியிடம் அவர் இடத்துக்கு வந்தவர் ஜூனியர் வெல்ஸ்.

ஜூனியர் வெல்ஸின் ‘ஹூடூ மேன் புளூஸ்’ 1965 செப்டம்பரில் இரண்டே நாளில் டெல்மார்க் என்ற சிறு நிறுவனத்துக்காகப் பதிவானது. கிதார் படி கை, பாஸ் ஜாக் மையர்ஸ், டிரம்ஸ் பில்லி வாரன். நடுவில் படி கையின் ஆம்ப்ளிஃபயர் பழுதாகிவிட்டது. பதிவை நிறுத்தவில்லை. கூடத்திலிருந்த ஹாமண்ட் ஆர்கனின் சுழலும் ஒலிபெருக்கியில் கிதாரை இணைத்துத் தொடர்ந்தார்கள். சில பாட்டுகளில் கிதார் நீருக்கடியிலிருந்து வருவது போலக் கேட்பது அதனால்தான். அந்தத் தட்டில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது வாசிப்பை அல்ல, வாசிக்காத இடங்களை. வெல்ஸ் ஒரு வரி பாடி நிறுத்துவார்; பெட்டி வாய்க்கு வருவதற்குள் ஒரு கணம் வெறுமை. மூவரில் ஒருவரும் அதை அடைக்க அவசரப்பட மாட்டார்கள். பல ஆண்டு கூடியிருந்த ஆட்களால்தான் அப்படிச் சும்மா இருக்க முடியும்.

அதே ஆண்டு முதல் தட்டை வெளியிட்ட வெள்ளைக்கார இளைஞர் பால் பட்டர்ஃபீல்ட், புளூஸ் பாடகர் ஹவ்லின் உல்ஃபின் குழுவில் வாசித்த டிரம்ஸ்காரர் சாம் லேயையும் பாஸ்காரர் ஜெரோம் அர்னால்டையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். வெளியிலிருந்து வந்தவருக்குப் பழுத்த தாளம் தேவை என்று அவர் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்.

இன்னும் தொலைவிலிருந்து வந்தவர் ஆக்கி குமார். மும்பையில் பிறந்து, அமெரிக்கா போய், கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் மென்பொருள் பொறியாளராக இருந்தவர். புளூஸ் கேட்டு, மவுத் ஆர்கன் கற்று, பாடவும் தொடங்கி, வேலையை விட்டார். 2014இல் வந்த முதல் தட்டு ‘டோன்ட் ஹோல்ட் பேக்’ சிகாகோ மரபில் ஆங்கிலப் பாட்டுகள். 2016இல் ‘ஆக்கி கோஸ் டு பாலிவுட்’. பழைய இந்தித் திரைப்பாடல்களை இந்தியிலேயே பாடி, நடுவில் லிட்டில் வால்ட்டர் வழியில் வாசித்தார். 2018இல் ‘ஹிந்தி மேன் புளூஸ்’. பதிவுக் கூடம் சான் ஹோசேயில் கிட் ஆண்டர்சன் நடத்தும் ‘கிரீஸ்லாண்ட்’. ஆண்டர்சன் நார்வேயில் பிறந்தவர். மவுத் ஆர்கன் மேதை சார்லி மசல்வைட்டின் குழுவில் கிதார் வாசித்தவர். 2016ஆம் ஆண்டுத் தட்டை வெளியிட்ட ‘லிட்டில் வில்லேஜ் ஃபவுண்டேஷனை’ நிறுவிய ஜிம் பியூ, ராபர்ட் கிரேயோடும் எட்டா ஜேம்ஸோடும் வாசித்த கீபோர்ட் கலைஞர்.

இந்திச் சொற்களின் நெடில் குறில் ஆங்கிலம் விழும் இடத்தில் விழாது. பன்னிரண்டு தாளக்கட்டுக்குள் அதை உட்கார வைக்கத் தாளக்காரர்கள் விலகி இடம்கொடுக்க வேண்டும். மொழி தெரியாத நார்வேக்காரர் அதை எப்படிச் செய்தார்? மூச்சைக் கேட்டுத்தான் என்று நினைக்கிறேன். அந்த இந்திப் பாட்டுகளை வேடிக்கையாகக் கேட்டவர்கள் உண்டு. எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. தாய்மொழிக்குப் பக்கத்து மொழியில் அந்த வளைந்த காந்தாரத்தைக் கேட்டபோது, என் தொண்டை அடைத்தது.

நம் மலேசியாவிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1970களில் எழுந்த ‘புளூஸ் கேங்’ குழு. பாடகர் இத்தோவின் கரடுமுரடான குரல். குழுவில் ஒருவர் ஜிம் மாடசாமி. அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த ‘அப்போ நாக் டி கத்தோ’ நெகிரி செம்பிலான் பேச்சு வழக்கில் இருக்கிறது. ‘என்னத்தைச் சொல்ல’ என்று தமிழில் சொல்லலாம். ஏட்டு மலாயில் இல்லாமல் ஊர் வாயில் பாடியதால்தான் அது புளூஸ் ஆனது. மாடசாமி என்ற பெயர் அந்தக் குழுவில் இருந்தது. தமிழ்ப் பாட்டு அதற்குள் வரவில்லை. அதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். எந்தப் பதிவு நிறுவனம் அன்று தமிழ் புளூஸ் கேட்டது?

கறுப்பின அமெரிக்க இசையைத் தமிழர்கள் இங்கே தொடாமலும் இல்லை. புளூஸின் பேரப்பிள்ளையான ஹிப் ஹாப்பை இங்குள்ள பையன்கள் கையில் எடுத்தார்கள். 1998இல் போயட்டிக் அம்மோ குழுவின் முதல் தட்டு. 2006இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் சேர்ந்து ‘வல்லவன்’. அதிலுள்ள ‘மடை திறந்து’, 1980இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டின் மேல் எழுந்தது. தமிழ்நாட்டுக்கே தமிழ் ராப் கேட்கும் காதைக் கொடுத்தது. மவுத் ஆர்கனும் பழுத்த கைகளும் கூடும் அறையும் இல்லாதவர்கள், ஒரு மைக்கும் தாளத் துண்டும் வைத்துக்கொண்டு பாட்டனைத் தாண்டிப் பேரனிடம் போய்ச் சேர்ந்தார்கள். அது பெரிய சாதனை. ஆனாலும் தாண்டிப்போன இடத்தில் ஏதோ கிடக்கிறது என்ற நினைப்பு எனக்குப் போகவில்லை.

1941ஆம் ஆண்டை இரண்டு இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். அந்த ஆண்டின் முதல் பாதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பவையும் கோரிக்கைகள். தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது, ஐந்து தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், மிசிசிப்பியின் ஸ்டோவால் பருத்தித் தோட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் பதிவு இயந்திரத்தோடு போனார்கள். அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பாடச் சொல்லிப் பதிந்தார்கள். அவர்தான் மட்டி வாட்டர்ஸ். தன் குரலைத் தட்டில் கேட்ட பிறகு, இதை வைத்துப் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது; 1943இல் சிகாகோ போனார். அவர் போயிராவிட்டால் ‘ஜூக்’ வேறு விதமாகத்தான் வந்திருக்கும்.

அடிமை முறையும் கங்காணி முறையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் பருத்திக் காட்டுப் பாட்டைத் தேடி நாடாளுமன்ற நூலகத்தின் இயந்திரம் போன ஆண்டில், பால்மரக் காட்டுக்குத் துப்பாக்கிதான் வந்தது. லயத்து வாசலில் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும், கங்காணியைத் திட்டிய பாட்டும், சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களை நினைத்து அழுததும் காற்றோடு போயின. முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் பின்னாளில் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி அச்சில் கொண்டுவந்தார்கள். அந்த உழைப்பை வணங்குகிறேன். சொல் அச்சில் ஏறிவிட்டது. காந்தாரம் எந்த இடத்தில் நின்றது என்பது அச்சில் ஏறாது.

சில ஆண்டுகளுக்கு முன் ‘சி’ சுருதியில் பத்து ஓட்டைப் பெட்டி ஒன்று வாங்கி, மூன்றாம் ஓட்டையை ஆறு மாதம் பழகினேன். பிறகு கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் பெரியம்மாவிடம் போனேன். முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தன் அம்மா பாடிய ஒப்பாரி ஒன்று அவருக்கு மனப்பாடம். பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்துகொண்டேன். அவர் எடுத்த சுருதி ‘ஜி’க்குக் கொஞ்சம் மேலே. கேட்டு, தேடி, பின்பாட்டாக வாசித்துப் பார்த்தேன். முதல் வரியில் நான் இழுத்தது அந்தர காந்தாரம். பெரியம்மா பாட்டை நிறுத்தினார்.

“அது இல்லடா. இன்னும் கொஞ்சம் எறக்கு.”

இறக்கினேன். சாதாரண காந்தாரத்துக்கே வந்துவிட்டேன். கையை மேலே தூக்கிக் காட்டினார். நடுவில் ஓர் இடத்தில் மூச்சைப் பிடித்து நிறுத்தினேன். அவர் தலையசைத்துவிட்டு, விட்ட வரியிலிருந்து மறுபடி எடுத்தார்.